பழுதாகக் கணக்கில் வராத போர்டுகள்

செவ்வாய், இரவு

எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் சங்கம் செய்த ஒப்பீட்டில் பழுது விகிதம் மிகக் குறைவு தங்கள் பெரம்பலூர் ஆலையில்தான் என்று அதன் தர மேலாளர் இன்று உறுதிசெய்தார்.

அங்கே சர்க்யூட் போர்டுகளில் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் மேசையில் வேலை செய்யும் செல்வி, காலையில் சிறுவாச்சூர் பஸ் நிறுத்தத்தில் சொன்னது வேறு. "கெட்ட போர்டை நாங்க சரி பண்ணிட்டுத்தான் டெஸ்டுக்கே அனுப்புவோம். அது கணக்குல வராதுங்க சார். எம் பேரப் பேப்பர்ல போட்டுறாதீங்க, வேலை போயிடும்."

சரிசெய்த போர்டுகளை மற்ற ஆலைகளும் இப்படிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகின்றனவா என்று மேலாளரிடம் கேட்டேன். சிரித்தார். "கொழம்புல உப்பு பத்தலன்னு கொஞ்சம் போட்டா, கொழம்பே கெட்டுப்போச்சுன்னு எழுதுவீங்களா சார்?" சிரிப்பு மாறாமலே, "சிறுவாச்சூர் பொண்ணு சொல்லுச்சா?" என்றார்.

நான் எந்த ஊரையும் சொல்லவில்லை. இல்லை என்றேன். நம்பினாரா, தெரியவில்லை.

ஒப்பீடு செய்த சங்கம், பழுதுகளை எண்ணிய முறையைத் திங்கட்கிழமை சொல்வதாக இருக்கிறது. செல்விக்கு நாளைக் காலையே ஷிப்ட்.