கீரனூர் வீட்டு வேலியை அணைத்தவன்

கீரமங்கலம்,
ஆவணி மாதம் 4ஆம் நாள்.

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா செல்லமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். டாலஸில் நீயும் மாப்பிள்ளை சிவபிரகாஷும் பேத்தி இலக்கியாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் விளக்கேற்றும்போது சாமியிடம் சொல்கிறாள், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நீ அனுப்பிய பட்டையைக் கட்டிக்கொண்டு பூப் போடுகிற கமிட்டிக் கடை வரைக்கும் நடந்தே போய் வருகிறாள். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னைகள் இப்போதுதான் ஒழுங்காகப் பாளை விட்டிருக்கின்றன. மல்லிகை இந்த மாதம் நன்றாகப் பூக்கிறது, முகூர்த்த நாள் வந்தால் விலையும் நிற்கும். பலா இந்த வருஷம் முடிந்துவிட்டது, கடைசிப் பழத்தை நானே கீரனூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே போன அன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். எழுதினால் தாவ முடியாது.

உன் மாமனார் வீட்டு நாய் ராக்கெட் ரோட்டுக்கு ஓடி அடிபட்டது உனக்குத் தெரியும். கரண்டு போனதால் வேலி வேலை செய்யவில்லை என்று ஞானமணி சம்பந்தி உன்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கரண்டு போகவில்லை, ஆத்தா. வேலிக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டியை அணைத்தது நான்தான். ஏன் அணைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் நீ வைகாசியில் வந்தபோதிருந்தே தொடங்க வேண்டும். இருபத்து நான்கு நாள் லீவில் வந்தாய், அதில் கீரனூரில் பதினெட்டு நாள் இருந்தாய். புகுந்த வீடு, இருக்க வேண்டியதுதான், அதில் எனக்குக் குறை இல்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் நீ தங்கியது அந்த நாய்க்காக என்று தெரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அமெரிக்காவிலிருந்து பெட்டியும் வயரும் கழுத்துப் பட்டையும் வாங்கி வந்து, வீட்டைச் சுற்றி அரை ஏக்கருக்கும் மண்ணைக் கீறி வயரைப் பதித்து, ஓரத்தில் வெள்ளைக் கொடி நட்டு, தினமும் காலையும் சாயங்காலமும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுபோய் இது வரைக்கும்தான் உன் எல்லை என்று பழக்கினாயாமே. இரண்டு வாரம் பழக்கினால்தான் அதற்குப் பதியும், அதனால் இங்கே வர முடியவில்லை என்று சொன்னாய். சரி என்றேன். அந்த வாரம் நீ வாட்சப்பில் ஒரு படம் போட்டாய். நீயும் சம்பந்தியும் மண்ணில் உட்கார்ந்திருக்கிறீர்கள், இரண்டு பேர் கையிலும் சேறு, நடுவில் வயர்ச் சுருள். கீழே நீ எழுதியிருந்தது, அப்பாவும் நானும் நாய்க்கு வேலி போடுகிறோம் என்று. அப்பா என்ற சொல்லைப் படித்ததும் ஒரு நிமிஷம் எனக்குக் குழப்பமாக இருந்தது, நான் எப்போது அங்கே போனேன் என்று. பிறகுதான் விளங்கியது. நம் பக்கம் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவோம், நீயும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிட்டாய். எப்போது மாற்றினாய் என்று எனக்குத் தெரியவில்லை, என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

நீ டாலஸுக்குத் திரும்பிய பிறகு நம் வீட்டுச் செவலை நாய் அட்டகாசம் செய்யத் தொடங்கியது. வண்டியைக் கண்டால் போதும், ரோடு வரைக்கும் துரத்தும். ஒரு நாள் பூ மார்க்கெட்டுக்குப் போன முத்துமாரியம்மாளின் மொபெட்டுக்குக் குறுக்கே பாய்ந்துவிட்டது. பாவம், முழங்கை தேய்ந்து, கூடையில் இருந்த பூவெல்லாம் தார் ரோட்டில் கொட்டிவிட்டது. "நாயக் கட்டிப் போடுங்கண்ணே, இன்னொரு தரம் விழுந்தேன்னா நான் பஞ்சாயத்துலதான் வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டிப் போட்டேன். செவலை சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது, சோறும் தின்னவில்லை. உன் அம்மா சொன்னாள், மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வயர் நமக்கும் வந்துவிடுமே என்று. நான் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டேன். சம்பந்திக்குக் கேட்காமல் கிடைத்ததை நான் மட்டும் ஏன் கேட்டு வாங்க வேண்டும்? அந்த வீம்போடு ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், வேலி எப்படி இருக்கிறது என்று பார்த்தாவது வருவோம் என்று பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு புதுக்கோட்டை போய் அங்கிருந்து பஸ் மாறிக் கீரனூரில் இறங்கினேன்.

சம்பந்தி வாசலுக்கே வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். கையைக் கழுவக்கூட விடவில்லை, முதலில் வேலியைப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். காட்டுப்பன்றிக்குப் போடுகிற கரண்டு வேலி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். கம்பியும் இல்லை, கல்லுக்காலும் இல்லை, வெறும் புல். கேட் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடக்கிறது. ராக்கெட் எங்களோடு ஓடி வந்து கேட்டுக்கு நாலு முழம் உள்ளேயே நின்றுவிட்டது. "என் மக போட்டுக் குடுத்தது சம்பந்தி. பக்கத்துல போனா மொதல்ல பட்டையில ஒரு சத்தம் வரும், அதையும் மீறிப் போனா கழுத்துல சுருக்குன்னு இருக்கும். இப்பல்லாம் சத்தத்துக்கே நின்னுக்கிறான்" என்றார். நாய்க்கு மாட்டுவதற்கு முன்னால் நீ அந்தப் பட்டையை உன் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, எவ்வளவு சுருக்கென்று இருக்கிறது என்று பார்த்தாயாம். முதலில் தனக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் வாயில்லாத ஜீவனுக்கு வைத்தாள் என்று அவர் கண் கலங்கச் சொல்கிறார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். என் மகளைப் பற்றி இன்னொருத்தர் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது. என் மக என் மக என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

பிறகு அவர் குளித்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனார். உன் மாமியார் கண்ணாத்தாள் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் பழத்தை அரியப் போனார்கள். கூடத்துச் சுவரில் அந்தப் பெட்டி இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன். கை பட்டுவிட்டது என்று இப்போது எழுதலாம், நீயும் நம்புவாய், ஆனால் அது பொய். அவர் குளித்துவிட்டு வரும்போது நாய் வெளியே தெருவில் நிற்க வேண்டும், என்ன சம்பந்தி உங்கள் வேலி இவ்வளவுதானா என்று நான் கேட்க வேண்டும், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அணைத்தேன். அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாய் போகவே இல்லை. சத்தமும் வராது, சுருக்கென்று பிடிக்கவும் பிடிக்காது, இருந்தும் அதே இடம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. நீ அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறாய். அதைப் பார்த்து என் எரிச்சல் இன்னும் கூடியது. தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்று, வாடா ராக்கெட் வாடா என்று கூப்பிட்டேன். அது என்னைப் பார்த்து முனகியது. முன்னங்காலை எடுத்து வைத்தது, பின்னால் இழுத்துக்கொண்டது, வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது. அப்போதாவது நான் விட்டிருக்கலாம். இன்னொரு தடவை கூப்பிட்டேன். வந்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து பிஸ்கட்டை வாங்கித் தின்றது.

அதற்குள் தெருவில் ஆட்டு மந்தை ஒன்று போனது. ராக்கெட் அதைப் பார்த்தது, அவ்வளவுதான், எடுத்தது ஓட்டம். அவர்கள் தெருவுக்கும் திருச்சி ரோட்டுக்கும் நடுவில் என்ன, நூறு அடி இருக்குமா? நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். சம்பந்தி ஈரத் துண்டோடு என்னைத் தாண்டி ஓடினார். அறுபத்தேழு வயசு மனுஷன், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், அதே ரோட்டில் முன்னால் ஒரு நாயைப் பறிகொடுத்தவர். நேராக ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பார், முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர் அடிக்கிற விசில், திருச்சியிலிருந்து வந்த பஸ் அவருக்கு நாலடி முன்னால் கிறீச்சிட்டு நின்றது. நாய் பஸ்ஸுக்குத் தப்பிவிட்டது, பஸ்ஸைச் சுற்றி ஒதுங்கி வந்த பைக் அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது. பைக்காரருக்கு அடி இல்லை. பஸ் ஒரு நொடி பிந்தி நின்றிருந்தால் மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாயின் தலை அவர் மடியில், கால் என் மடியில். சட்டை எடுக்க வீட்டுக்குள் போனபோது பெட்டி அணைந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார், வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். "காலையில ஒட்டடை அடிச்சப்ப நான்தான் சுவிட்சத் தட்டிவிட்டுருப்பேன். எம்புட்டுப் பாடுபட்டுப் பதிச்சுட்டுப் போனா, நான் இப்படிப் பண்ணிட்டேனே" என்றார். டாக்டர் எலும்பு விலகியிருக்கிறது என்று கட்டுப் போட்டு ஆறு வாரம் நடக்க விடாதீர்கள் என்றார். நான் அணைத்ததைச் சொல்லாமலே சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே எனக்குப் போன் செய்து, கரண்டு போய்விட்டது என்று கலைமதியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் வருத்தப்படக் கூடாது என்று சொன்னேன் என்றார். தன் மேல் தப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிற மனுஷர், அதையும் உனக்காக மறைக்கிறார்.

அடுத்த வாரம் திரும்பவும் கீரனூர் போய் அவரிடம் சொன்னேன். நாய்க்கு மாத்திரையைத் தயிர்சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். எழுந்து உள்ளே போனார். கால் மணி நேரம் நான் வாசலிலேயே நின்றேன், உன் மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்கள். திரும்பி வந்து, "ஏன் சம்பந்தி?" என்று மட்டும் கேட்டார். "ஒங்கள அப்பான்னு கூப்புடுறா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. அவர் நாயைத் தடவிக்கொண்டே சொன்னார், "அத நான் கேட்டு வாங்கல. எனக்குப் பொம்பளப்புள்ள இல்ல, அவளாக் கூப்புட்டா, வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல." பிறகு எழுந்து நின்றுகொண்டு, "இத நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். சொல்லிட்டு வாங்க, அதுவரைக்கும் இங்கிட்டு வர வேணாம்" என்றார். கோபத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். அதுவும் முடியாமல் போய்விட்டது.

அவரிடம் சொல்லிவிட்டு வந்தே ஒரு மாதம் ஆகிவிட்டது, இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் சேர்த்து நீ கோபப்படு. என் பொறாமை போய்விட்டது, மனம் தெளிந்துவிட்டது என்றெல்லாம் எழுதினால் அதுவும் பொய். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று மாலையே உனக்குப் போன் போட்டு உங்கள் அப்பா செய்த வேலையைப் பார் என்று சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. என்னைவிட நல்ல மனுஷராக இருக்கிறாரே என்று அதற்கும் ஒரு பொறாமை வருகிறது, என்ன செய்ய? ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் வருத்தப்படுவேன் என்று நினைத்து நீ அவரைக் கூப்பிடுகிற முறையை மாற்றிவிடாதே. மாற்றினால் அது நான் இரண்டாவது தடவை சுவிட்சை அணைத்ததாக ஆகிவிடும். நமக்கு அந்த வயர் செட்டை அனுப்பவும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஐயனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே கொல்லையைச் சுற்றி வலைக்கம்பி அடித்துவிட்டேன், செவலை அதற்குள் அவிழ்த்துவிட்டபடி ஓடுகிறது, கழுத்துப் புண்ணும் ஆறிவிட்டது. ராக்கெட்டுக்கு நாளை மறுநாள் கட்டுப் பிரிக்கிறார்களாம், உன் மாமியார் உன் அம்மாவிடம் சொன்னார்கள். நான் பெட்டியை அணைத்தது உன் அம்மாவுக்குத் தெரியாது, நீயாகச் சொல்வதானால் சொல்லிக்கொள். மாப்பிள்ளையிடம் கட்டாயம் சொல், அவர் அப்பா ரோட்டில் நின்றது அவருக்குத் தெரிய வேண்டும்.

வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தை விட்டுவிடாதே. கார் ஓட்டும்போது போனை எடுக்காதே. இலக்கியா தமிழில் பேசினால் திருத்திக்கொண்டே இருக்காதே, தப்பாகவே பேசட்டும், பேசினால் போதும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றில் மட்டும் எனக்கும் சம்பந்திக்கும் எந்தப் போட்டியும் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய், ஆனால் அம்மா நம்பருக்குத்தான் பேசுகிறாய். அம்மா பேசி முடித்து, அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று போனை என் கையில் கொடுக்கும்போது உனக்கு வேறு வேலை வந்துவிடும், சரிப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிடுவாய். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு என்னைத் திட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றும். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. திட்டுவதற்காவது என் நம்பருக்குக் கூப்பிடு. நீ எவ்வளவு நேரம் திட்டினாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
செல்லமுத்து.