பொத்தான் இல்லாத மாடியும் பொடியனும்

பிப்ரவரி 3

என் மனைவிக்குக் கண்புரை எடுத்தாயிற்று. வலது கண்ணில் கட்டு. இடது கண் முன்பே மங்கல். ஒரு மாதத்துக்குப் படிக்கவோ எழுதவோ கூடாதாம். "வாய்க்கு மட்டும்தான் டாக்டர் தடை போடல" என்றாள்.

எனக்கோ வாய் நமநமவென்கிறது. முப்பது ஆண்டுகளாக அவளிடம் சொல்லி எழுதவைத்த வாய். மருந்துக்கடைக்காரர் போனில் ஓரிடத்தைக் காட்டினார். அதை அழுத்திப் பேசினால் பேச்சு எழுத்தாகிவிடுமாம். பேசுகிறேன். சரியாக விழுகிறதா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். அதுவும் பார்த்து வரைந்து பழகிய படம். ஐந்து புத்தகங்களின் அட்டையில் என் பெயர் இருப்பதே பிறர் சொல்லித் தெரிந்ததுதான். இந்த ரகசியம் அவளுக்கு மட்டும் தெரியும். இன்று முதல் இந்தப் போனுக்கும்.

பிப்ரவரி 5

பதிப்பாளரிடமிருந்து போன். எப்போதும் அவள்தான் எடுப்பாள். அவள் கண்ணயர்ந்திருந்ததால் நான் எடுத்துத் தொலைத்தேன்.

"ஐயா! உங்க குரலைக் கேட்டதே அதிசயம்" என்றது அந்தப் பெண். இவளுடைய அப்பாதான் என் முதல் புத்தகத்தைப் போட்டவர். நூலக மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள் வருகிறார்களாம். போன வருடம் வந்த ஐந்தாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நானே மேடையில் படிக்க வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி.

சரி என்றுவிட்டேன்.

ஏன் சொன்னேன்? மேடையே ஏறாதவன் என்று பெயரெடுத்தவன் நான். ஆனால் என் கதை எனக்குத் தெரியாதா? முப்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னதை மூச்சு விட்ட இடம் முதற்கொண்டு இப்போதும் சொல்வேன். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டால் போயிற்று.

பிப்ரவரி 6

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"ஏன்? வரி வரியா மனப்பாடமா இருக்கு."

"அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 9

நான் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவன். இருபத்தாறு வருடம். அவள் குழந்தைகள் வார்டில் ஆயா; எட்டாவது வரை படித்தவள். ஆபரேஷனுக்குப் போகும் பிள்ளைகளைச் சக்கரக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். மூன்றாம் மாடியில் ஏறினால் ஆறாம் மாடியில் இறங்க வேண்டும். லிஃப்டோ கிழடு, மூன்று நிமிஷம் எடுக்கும். அந்த மூன்று நிமிஷத்தில் அழுகிற பிள்ளையின் வாயை மூட வைக்கத்தான் கதையை ஆரம்பித்தேன். பொத்தான் இல்லாத ஒரு மாடி. அங்கே மழையை மடித்து அலமாரியில் வைத்திருப்பார்கள். வாசலில் இருமல் தின்னும் காவலாளி. வாலு என்றொரு சிறுமி, அவளுக்குப் பொடியன் என்றொரு தம்பி.

பொடியன் நிஜம். ஐந்து வயது. பாதிக் கதையில் ஆறாம் மாடி வந்துவிட்டது. "மீதி?" என்றான். "நீ திரும்பி வரும்போது" என்றேன்.

அவனை அன்று மாலை கீழ்த்தளத்துக்கு இறக்கினேன். முகம் மூடியிருந்தது. ஆறு மாடியும் இறங்கும்வரை அவளும் நானும் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதனால்தான் ஐந்தாம் புத்தகத்தின் முடிவில் பொடியன் அந்த மாடியிலேயே தங்கிவிடுகிறான். வாலு மட்டும் இறங்குகிறாள். அவனை வைத்து நான் பொய் சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 14

கண்ணாடி முன் ஒத்திகை. "படிக்கிறவங்க கண்ணு ஓடும். உங்க கண்ணு திருடனைப் பார்த்த மாதிரி ஒரே இடத்துல நிக்குது" என்றாள். கட்டுப்போட்ட கண்ணோடு எப்படித்தான் பார்த்தாளோ! கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டிப் பழகினேன். தலை சுற்றியது.

எந்த வார்த்தையில் பக்கம் புரட்ட வேண்டும் என்று கேட்டேன். தலைவலி என்று எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 20

அவளுக்கு வலிப்பது கண், மூடிக்கொண்டதோ வாய்.

பிப்ரவரி 27

"காய்ச்சல்னு சொல்லிடலாமே" என்று கெஞ்சினாள். நான் மேடையில் மாட்டிக்கொள்வேன் என்றா இத்தனை நடுக்கம்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா நான் சொன்னதைத்தானே நீ எழுதினே?" என்றேன்.

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள்.

பிப்ரவரி 28

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதல் வரிசையில் அவள். பிள்ளைகள் எல்லார் மடியிலும் புத்தகம். நான் ஆரம்பித்தேன். கண்ணை ஓட்டினேன். நல்லபடியாகத்தான் போனது. பிள்ளைகள் விரலை வைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். "லிஃப்ட் கதவு மூடியது. பொடியன் அந்தப் பக்கமே நின்றான். வாலு தனியே இறங்கினாள்" என்று சொல்லி நிறுத்தினேன்.

மண்டபத்தில் சலசலப்பு. ஒரு பையன் எழுந்தே விட்டான். "தாத்தா, தப்பு! பொடியன் வந்துடுவான்!"

"வரமாட்டான்" என்றேன்.

"வருவான்! வருவான்!" என்று முந்நூறு தொண்டைகள். பதிப்பாளர் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது.

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி மேடைக்கே ஓடிவந்து என் கையிலிருந்த புத்தகத்தில் விரல் வைத்தாள். "இங்க பாருங்க தாத்தா. நீங்கதானே எழுதினீங்க?"

பார்த்தேன். அவள் விரல் தெரிந்தது. நகத்தில் மை. அதற்குக் கீழே எறும்பு வரிசை.

"நீ படி கண்ணு" என்றேன்.

படித்தாள். மூடிய கதவு மறுபடி திறக்கிறது. பொடியன் வெளியே வருகிறான். "எனக்குப் பசிக்குது. மீதிக் கதை எங்கே?" என்கிறான்.

மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன் தாத்தா அழறீங்க?" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன். மைக் கையில் இருந்தது.

மார்ச் 1

அவளிடம் இரண்டு நோட்டு இருந்திருக்கிறது: கிறுக்கி வைக்கக் கரட்டு நோட்டு ஒன்று, நல்ல நோட்டு ஒன்று. நான் சொல்வது கரட்டு நோட்டில் விழும்; அதைத்தான் எனக்குப் படித்துக் காட்டுவாள். அச்சுக்குப் போனது மற்றது.

"எத்தனை இடத்துல மாத்தினே?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"என்னை முட்டாளாக்கிட்டியே! ஏன்டீ?"

"அந்த வார்டுலயும் உங்க புத்தகம் இருக்குங்க. கட்டில் கட்டிலா வாங்கிப் படிக்குதுங்க. மேல போற புள்ள கையில, அவன் திரும்பி வரலைன்னு எழுதி எப்படிங்க குடுக்கறது?"

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். கடைசியில், "அவனை நான்தான் இறக்கினேன்!" என்றேன்.

"கட்டிலைத் தள்ளினது யாராம்?" என்றாள்.

மார்ச் 3

பதிப்பாளர் பெண் நேரில் வந்தது. "ஊரெல்லாம் இதே பேச்சு ஐயா. பிள்ளைகளைச் சீண்டிப் பார்க்க வேடிக்கைக்குச் சொன்னீங்கன்னு ஒரு அறிக்கை விட்டுடலாம். யாரும் தோண்ட மாட்டாங்க."

ஐந்து புத்தகமும் போய்விடும் என்று அந்தப் பெண்ணுக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? முப்பது வருடம் எழுத்தாளர் என்று அழைக்கப்பட்டுவிட்டு மறுபடி லிஃப்ட்காரனாக முடியுமா?

"வேடிக்கை இல்லம்மா. ரெண்டு பேர் பேரும் போடு. அவ பேரு மேல" என்றேன்.

"எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றது அடுப்பங்கரை. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 4

அவள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் விட்டேன்.

ஏப்ரல் 6

புது அட்டை வந்திருக்கிறது. மேலே இருப்பது அவள் பெயராம். அவள் சொன்னாள். இந்தத் தடவை தபால்காரரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டேன்.

பத்து நாளாகப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தினம் மத்தியானம் அச்சில் உள்ளதை எனக்குப் படித்துக் காட்டுகிறாள். முதல் புத்தகத்திலிருந்து. நான் சொன்ன வரி வந்தால் தலையாட்டுகிறேன்; சொல்லாத வரி வந்தால் முறைக்கிறேன். இன்று மூன்றாம் புத்தகம். இருமல் தின்னும் காவலாளிக்கே இருமல் வந்துவிட்டது. இது நான் சொன்னதே இல்லை.

அந்த இடத்தில் டப்பென்று மூடிவிட்டாள். கண் வலிக்கிறதாம்.

"அப்புறம் அவன் என்ன பண்றான்?"

"நாளைக்கு."

"ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்" என்று கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே அடுப்பங்கரை வரை போனேன்.