‘நல்லாருக்குது’ என்றே சொன்ன அக்காவுக்கு

இன்று காலை சின்னத் திருகாணி ஒன்றைத் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது, உங்களுக்காக முதன்முதலில் செய்த கறுப்புக் கண்ணாடி வந்து விழுந்தது. காதில் மாட்டும் கம்பிக்குப் பதிலாக எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்தேனே, அதுதான். பட்டை உப்புப் பூத்து விறைத்துக் கிடக்கிறது. முகர்ந்து பார்த்தேன். நாலு வருடம் ஆகியும் தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை போகவில்லை. எதிரே கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அழக்கூடாது என்று கண்ணாடியை உள்ளே தள்ளிவிட்டு, “கடைசி வரி தெரியுதுங்களா?” என்றேன். “நல்லாத் தெரியுதும்மா” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு அட்டையை மாட்டி மறுபடி கேட்டேன். பழைய அட்டையில் இருந்த எழுத்துகளையே கடகடவென்று ஒப்பித்தார்.

என் புத்தி அப்படி, அக்கா. உங்களுக்குத்தான் தெரியுமே. “மருத்துவச்சி பொம்பளைப் புள்ளைன்னு சொன்னப்பவே இவ நம்பியிருக்க மாட்டா” என்று என் அம்மா என்னைப் பற்றிச் சொல்வாள். கண்ணாடிக் கடை வைத்த பிறகு அந்தப் புத்தி இன்னும் கூடியது. கண் பரிசோதனையை ஜனங்கள் பரீட்சை என்று நினைக்கிறார்கள். தெரியவில்லை என்றால் ஃபெயில் ஆகிவிடுவோமோ என்ற பயம். அதனால் தெரியாததையும் தெரிகிறது என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதே எனக்குத் தொழிலாகிவிட்டது.

நீங்கள் முதலில் வந்தது ஒரு பங்குனி மத்தியானம். கண்ணாடி கேட்டு வரவில்லை. கண்ணில் விட மருந்து கிடைக்குமா என்று கேட்டு வந்தீர்கள். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. “கண்ணை மூடினாலும் வெள்ளையாவே இருக்குதும்மா” என்றீர்கள். என்ன வேலை என்று கேட்டேன். “அளத்துல உப்பு வார்றேன்.” வெயிலுக்கு ஏதாவது மறைப்பு வைத்துக்கொள்ளக் கூடாதா என்றதற்கு, “மேலேந்து வர்ற வெயிலுக்குத் துணி போட்டுக்குறோம். கீழேந்து வர்ற வெயிலுக்கு எதைப் போடுறது?” என்று திருப்பிக் கேட்டீர்கள். தினமும் பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள் நான். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த உப்பளத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன். உப்பு கண்ணைக் குத்தும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மறுவாரம் நீங்கள் கடைக்கு வந்தபோது, உங்களுக்கென்று ஒரு கண்ணாடி செய்யப்போகிறேன் என்றேன். வேர்வையில் நழுவாமல், முகத்தில் கட்டும் துணிக்கு மேலேயே மாட்டுகிற மாதிரி. நன்றாக வந்தால் அளத்துக்காரர்கள் எல்லாருக்கும் செய்யலாம் என்று கனவு வேறு. நீங்கள் சந்தோஷப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உன்னை யாரு செய்யச் சொன்னாங்க?” என்றீர்கள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றேன். நீங்கள் நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. சந்தேகத்தில் எனக்குச் சரியான ஆள்தான் கிடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாருடைய கஷ்டத்தையும் கேட்ட பிறகு செய்வதுதான் முறை என்று ஒரு நாள் அளத்துக்கே வந்தேன். வந்தவள் நேராக மேஸ்திரியிடம் போய் அனுமதி கேட்டேன். முதல் தப்பு அதுதான். வரப்பில் வைத்துப் பத்துப் பெண்களைப் பரிசோதித்தேன். எல்லாரும் தலையையும் வாயையும் துணியால் சுற்றி, கண் மட்டும் தெரிய நின்றீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்று ஒரு அட்டை உண்டு. சீப்பு மாதிரி ஒரு குறி இருக்கும். அதன் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைத் திருப்பிக் காட்டினால் போதும். பத்துப் பேரும் எல்லா வரியையும் சரியாகக் காட்டினார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாவுக்குக் கண்ணில் புரை வெளுத்துத் தெரிந்தது. அவரும் தப்பே இல்லாமல் காட்டினார். வேறு என்ன தொந்தரவு என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். “ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்குது.” பத்துப் பேருக்கும் ஒரே பதில். எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எப்போது உட்காருகிறீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் ஏதோ சொன்னார்கள்.

எனக்குப் பின்னால், அட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பல் மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே என்று கண்ணாலேயே எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தது நீங்கள்தான். ரொம்ப நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். “கண்ணு போச்சுன்னு மேஸ்திரி காதுல விழுந்தா, நாளைலேருந்து வராதேன்னுடுவான்.” அன்றைக்கு நான் முதலாளி அனுப்பிய ஆள் என்பதுதான் அங்கே பேச்சு.

ஆனாலும் கண்ணாடி செய்தேன். நல்ல கறுப்பு. பத்து நாள் போட்டுப் பாருங்கள் என்று உங்களிடம் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கேட்டேன். “நல்லாருக்குது.” உறுத்துகிறதா? “இல்ல, நல்லாருக்குது.” வேலைக்கு இடைஞ்சலா? “நல்லாருக்குதும்மா.” உடனே ஐம்பது ஜோடி கறுப்புக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், எனக்குப் பிடித்த பதிலை மட்டும் சந்தேகப்படவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாதம் பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். கண் முன்னைவிடச் சிவப்பு. என் புத்தி விழித்துக்கொண்டது. விற்றுவிட்டீர்களோ? மகளுக்குக் கொடுத்துவிட்டீர்களோ? பஜாரில் இருக்கும் இன்னொரு கண்ணாடிக் கடைக்காரன், அதைப் பார்த்து அதே மாதிரி செய்ய வாங்கிக்கொண்டானோ? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அளத்துக்கு வந்து நின்றேன்.

மற்றவர்கள் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். ஒருத்தி கூடையை நிரப்பினால் எதிரே ஒருத்தி வந்து விளிம்பைப் பிடித்துத் தலைக்குத் தூக்கிவிடுவாள். நிறைந்த உப்புக் கூடையைத் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. நீங்கள் மட்டும் தனியாக, அரைக்கூடையை முழங்காலில் நிறுத்தி, தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து அவசரமாக மாட்டினீர்கள்.

“வித்துட்டீங்களோன்னு நினைச்சேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பாவி நான். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “அழுக்காவுமேன்னு எடுத்து வச்சிருந்தேன்” என்றீர்கள். ஏன் அரைக்கூடை என்றேன். “இடுப்பு வலி.” இரண்டும் பொய் என்று தெரிந்தது. வீம்புக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கினேன். “நிரப்புங்க, நான் தூக்கிவிடுறேன்.”

இருவரும் எதிரெதிரே குனிந்து விளிம்பைப் பிடித்தோம். நீங்கள் எப்போது தூக்குவீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். வாயில் துணி, கண்ணில் கறுப்பு. நான் காத்திருக்கும்போதே உங்கள் பக்கம் மேலே போய்விட்டது. கூடை சரிந்து உப்பு முழுக்க என் தோளில் கொட்டியது. மணிக்கட்டு மடங்கி நான் அலறினேன். அப்போதுதான் அஞ்சலை வாய் திறந்தாள். பல வருடம் உங்கள் ஜோடியாக இருந்தவள்.

“இதேதான் எனக்கும் ஆச்சு. கை பிசகி நாலு நாள் வேலைக்கு வரல. அவ எப்ப தூக்குறா, எங்க பாக்குறா, ஒண்ணும் தெரியல.”

“வாயால சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“மூச்சுப் புடிச்சுக்கினு தூக்கறப்ப எங்கேந்து பேசுறது?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அது போவட்டும். இந்தக் கண்ணாடி வந்த வாரமே, நாங்க எப்ப வர்றோம், எப்ப உக்கார்றோம்னு மேஸ்திரி புட்டுப் புட்டு வைக்கிறான். இவ உள்ள இருந்துக்கினு யாரைப் பாக்குறான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் யாரும் கை கொடுக்கல. திங்கக்கிழமைலேருந்து முழுக்கூடை தூக்காட்டி வர வேணாம்னு மேஸ்திரி சொல்லிட்டான்.”

மேஸ்திரிக்குச் சொன்னது நீங்கள் இல்லை. நான். பரிசோதனை முடிந்த அன்று அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, “பாவம், விடியறதுக்கு முன்னாடி வராங்க, ஒன்பது மணிக்கு அந்தப் பனை நிழல்ல கொஞ்சம் உக்கார்றாங்க, லேட்டாகிறவங்களும் ஓடியாடிச் சரிக்கட்டிடறாங்க” என்று பெரிய கருணை உள்ளவள் மாதிரி பேசியிருந்தேன். ஒரு நிமிடம் சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு சொன்னேன். “அது இவங்க இல்ல. நான்தான் மேஸ்திரிகிட்ட சொன்னேன்.”

வரப்பில் ஏறி ஓடிவிடலாம் என்று இருந்தது எனக்கு. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடையை மறுபடி நிரப்பினீர்கள். அஞ்சலை என்னைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், வந்து எதிரே குனிந்தாள். உங்கள் இமை ஒரு தடவை தாழ்ந்தது. அவ்வளவுதான். இரண்டு பேர் கையும் ஒன்றாக எழுந்து, கூடை உங்கள் தலையில் இருந்தது. வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களின் கண்ணையும் நான் போய்க் கட்டியிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?” என்று ரோட்டுக்கு வரும்போது கேட்டேன். “நீ அவ்வளவு ஆசையா கேக்குற. நல்லால்லன்னு எப்படிம்மா சொல்றது?” என்றீர்கள்.

ஐம்பது ஜோடியும் கடை மூலைக்குப் போயிற்று. இரண்டாவது கண்ணாடி செய்ய மழைக்காலம் முழுக்க எடுத்துக்கொண்டேன். கண் வெளியே தெரிகிற மாதிரி லேசான நிறம். கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்துக்குக் கன்னத்தின் மேல் ஒரு துணி மடிப்பு. இந்தத் தடவை முதலில் அஞ்சலையிடம் கொடுத்தேன். அவள் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள கேமரா கீமரா வச்சிருக்கியா?” என்றாள். மாட்டிக்கொண்டு உங்கள் கூடைக்கு எதிரே குனிந்தாள். கூடை ஏறியது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டினார்கள்.

உங்களிடம் கேட்டால் மட்டும் பழைய பதில்தான். “நல்லாருக்குது.” பார்க்கும்போதெல்லாம் கேட்பேன், அதையே சொல்வீர்கள். அதைப் பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அன்று நான் உண்மையைச் சொன்ன பிறகும் அந்தப் பெண்கள் என்னை ஏன் துரத்தவில்லை? முதலாளி ஆள் என்று நினைத்தவளை ஏன் விட்டுவைத்தார்கள்? இதில் ஏதோ இருக்கிறது என்றே நினைத்தேன்.

போன கார்த்திகையில், அளத்தில் வேலை இல்லாத மழை நாளில், நெஞ்சு வலி என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் மகள் போன் செய்தாள். ஓடி வந்தேன். வாசலில் அஞ்சலை என்னைத் தடுத்தாள்.

“வெறுங்கையோட வந்து நிக்கிற? பொறந்த வூட்டுக் கோடி எங்க?”

எனக்குப் புரியவில்லை. நான் எதற்குக் கோடி எடுக்க வேண்டும்?

“வேற யாரு எடுப்பா? அவ பொறந்த வூட்டுல ஒருத்தரும் இல்ல. பொம்மையார்பாளையத்து சித்தி மவ நீ ஒருத்திதானே. நீ அட்டையைத் தூக்கிக்கினு வந்த அன்னிக்கே சொன்னாளே, இவ என் தங்கச்சி, உக்காருங்கன்னு. இல்லாட்டி நாங்க எதுக்கு உக்கார்றோம்? மேஸ்திரிகிட்ட போய் உளறினதுக்கு வேற எவளாவது இருந்தா சேத்துலயே தள்ளியிருப்போம். உங்கக்கா முகத்துக்காக விட்டோம்.”

நீங்கள் விற்றுவிட்டதாக நான் நினைத்த நாளில், ஒட்டும் உறவும் இல்லாத என்னைத் தங்கை என்று சொல்லி ஈடு நின்று, அந்தத் தங்கையின் வாயாலேயே வந்த பழியையும் சுமந்துகொண்டிருந்தீர்கள். கொட்டும் மழையில் பஜாருக்குப் போய் அரக்குச் சேலை ஒன்று எடுத்து வந்தேன். உங்கள் மேல் போர்த்தி, வாய்க்கரிசி போட்டேன். சொந்த அக்காவுக்கு அழுவதுபோல் அழுதேன். நடிப்பு இல்லை அக்கா, சத்தியமாக.

எல்லாம் முடிந்து பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தபோது அஞ்சலை பக்கத்தில் வந்தாள். “இந்த நேரத்துல சொல்றேன்னு நினைக்காத. அந்தக் கண்ணாடி மடிப்புல வேர்வை தேங்குது. கன்னம் எரியுது. உன்கிட்ட சொல்லச் சொல்லி அவகிட்ட எத்தினியோ தடவை சொன்னோம். எந்தங்கச்சி மனசு கஷ்டப்படும்னு வாயைத் தொறக்கல. நீ நம்ம பொண்ணு, உன்கிட்ட சொல்றதுக்கு என்ன?” அதைக் கேட்டு இன்னொருத்தி, பட்டை முடியை இழுக்கிறது என்றாள். புரை விழுந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒரு கண்ணு சுத்தமா தெரியலம்மா” என்றார். ஒருத்தரும் நல்லாருக்குது என்று சொல்லவில்லை.

பதினாறாம் நாளும் தங்கையாகவே வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. மடிப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அளத்துக்குப் போனால் உங்கள் பெயரைச் சொல்லி, அவள் தங்கச்சி வந்திருக்கிறாள் என்று குரல் கொடுக்கிறார்கள். உங்கள் மகள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு உண்மை தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் கேட்கவில்லை.