படத்தில் நீ இறங்கவில்லை

ஜமுனாமரத்தூர்,
மாசி 20

அன்பு மகள் கலைவாணிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, மாடு இரண்டும் சுகம். நீ சுகமா என்று எப்போதும் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். ஐந்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. புளி உலுக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, டவர் கிடைக்கிற மளிகைக்கடைக்குத் தினமும் நடக்கிறேன், பயனில்லை, அதனால்தான் உன் விசாகப்பட்டினம் ஹாஸ்டல் முகவரிக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கார ஷோபனா தன் போனில் ஒரு படம் காட்டினாள். அங்கே கடற்கரையில் நீயும் உன் தோழிகளும் ஜிம்னாஸ்டிக் பழகுவதை யாரோ எடுத்த பத்து நிமிடப் படம். அலைக்குப் புடவையைத் தூக்கிப் பிடித்த பெண்கள், சோளம் தின்பவர்கள், நடுவில் நீங்கள் ஏழு பேர். ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறினீர்கள், உச்சியில் என் மகள். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் நீ குதித்தாய், தலை கீழே, கால் மேலே. அந்த இடத்தில் படம் சட்டென்று மாறி ஒரு வழுக்கைத்தலைக்காரர் சோளம் கடிப்பதைக் காட்டியது. நீ தரைக்கு வந்ததைக் காட்டவே இல்லை. கடைசியில் மணலைத் தட்டிக்கொண்டு போகும் பெண்களை எண்ணினேன். ஆறு பேர். மூன்று தடவை போடச் சொல்லி எண்ணினேன், ஆறுதான். படம்னா அப்பிடித்தான் வெட்டுவாங்க மாமா, பயப்படாதீங்க என்றாள் ஷோபனா.

அம்மாவிடம் நீ உச்சியில் நின்றதை மட்டும் சொன்னேன். அப்பறம் இன்னா ஆச்சு, புள்ள எறங்கினாளா என்று கேட்டாள். எறங்கிட்டா என்று சொல்லிவிட்டேன். அவள் நிம்மதியாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

சின்ன வயதில் நான் புளியமரம் ஏறினால் நீ கீழே நின்று அழுவாய். அதற்காகவே கால் தரையில் பட்டதும் எறங்கிட்டேன் என்று குரல் கொடுப்பேன், அதைக் கேட்ட பிறகுதான் நீ புளி பொறுக்கக் குனிவாய். பயந்தாங்கொள்ளி என்று உன்னை எத்தனை கேலி செய்திருக்கிறேன். மேலே இருந்த எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை கண்ணு.

அடிபட்டிருந்தால் மறைக்காதே, திட்ட மாட்டேன், விளையாட்டை விடு என்றும் சொல்ல மாட்டேன். போளூரில் ரயில் ஏறி வந்துவிடுவேன். வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடாதே, கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவைக் கரைத்துக் குடி. கை கால் சுகத்தோடு நெடுநாள் நன்றாயிரு. கடிதம் கண்டதும் ஷோபனா கடைக்குப் போன் செய், மறந்துவிடாதே. அவள் எங்களைக் கூப்பிட்டு விடுவாள், அம்மா வந்தால் வேறு ஏதாவது பேசு. நான் வந்தால் எறங்கிட்டேன் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
கீழே நிற்கும் உன் அப்பா
சக்கரவர்த்தி