மூன்றும் எட்டும்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா? எழுதப்போவது இவை:

1. என் வேலை போகவில்லை.
2. போய்விடும் என்று ஏன் பயந்தேன்.
3. எனக்கு இங்கே எதுவும் தேவையில்லை.

எங்கள் டேட்டா சென்டரில் ஒரே கூண்டுக்குள் பதினாறு மெல்லிய பிளேடு சர்வர்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதிவேக நெட்வொர்க் அட்டைகளைப் பொருத்தி, அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஸ்விட்சை, கூண்டின் பின்புறம் எண் போட்ட எட்டு அறைகளில் ஒன்றில் செருகினேன். ஒரு பச்சை விளக்குகூட எரியவில்லை. அட்டைகளைக் கெடுத்துவிட்டேன், இந்த வயதில் யார் இனி வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தபடியே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்.

அவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, பொண்ணை ஒரு வீட்டுல, மாப்பிள்ளைய இன்னொரு வீட்டுல உக்கார வெச்சா எப்படிப் பேசிக்குவாங்க? ஸ்விட்ச் மூணாம் அறைக்குல்ல போகணும், எட்டுல இருக்கே!" என்று சிரித்தார்.

மாற்றிச் செருகியதும் பதினாறு விளக்குகளும் எரிந்தன. போன உயிர் திரும்பி வந்தது.

வேலைப் பட்டியலை மூன்று முறை சரிபார்த்திருந்தேன். மூன்று முறையும் 3-ஐ 8 என்றே படித்திருக்கிறேன்.

வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி வந்துவிட்டது. என் மூன்றாவது குறிப்பு தவறு. நீ சொல்லச் சொல்லக் கேட்காமல் அலமாரியில் விட்டுவந்த புதுக் கண்ணாடியை அனுப்பு. அதைச் சுற்றும் காகிதத்தில் நாலு வரி எழுது, பெரிய எழுத்தில்.