வெயில் எல்லாம் அப்பாவுக்கு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அப்பாவைப் பற்றி அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை, ஆனால் இருக்கிறார். புயல் அடித்து ஓய்ந்தும் தெருவில் இன்னும் கரண்ட் வரவில்லை, கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன, ஆஸ்பத்திரியில் வராந்தாவில்கூட இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை போன தடவை மொட்டை மாடியில் மாட்டிவிட்டுப் போன சோலார் தகடும் பேட்டரியும்தான் அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷினை ஓட்டுகின்றன. அதிலும் ஒரு கூத்து. ரிமோட்டுக்கே உறை போடுகிறவள் என்று என்னைக் கிண்டல் செய்வாயே, புயலுக்கு முன்னால் அந்தத் தகட்டின் மேலும் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டியிருந்தேன். ஒரு கீறல் விழவில்லை. தூசு படியாமல் இருக்கட்டும், வெளிச்சம் உள்ளே போகத்தானே செய்யும் என்று பிறகும் அவிழ்க்கவில்லை. மெஷின் மதியமே முனகி நின்றது, அப்பாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஓடி வந்த எலக்ட்ரீஷியன் மாடியிலிருந்து விரிப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, போர்வை போத்தித் தூங்க வச்சிட்டு வேலை செய்யலன்னா எப்படிம்மா என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மெஷின் மறுபடி ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே ஓடினேன்.

இப்போது விரிப்பு இல்லை, ஆனால் மேகம் விலக மாட்டேன் என்கிறது. நல்ல வெயில் அடித்தால் பேட்டரி விடியும்வரை தாங்குகிறது, மூட்டமாக இருந்தால் இடையிலேயே மெஷின் கத்த ஆரம்பிக்கிறது, நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தாங்கக்கா என்று வந்தாள். உன் பிரசவத்துக்கு இரவு பகலாக என்னோடு நின்றவள். போட்டுக் கொடு என்று அப்பா சைகை காட்டினார், நான் முடியாது என்று கதவைச் சாத்திவிட்டேன். அதிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு மனசு அறுக்கிறது, ஆனால் நாளைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன். அவளுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதற்கு என்று என் போனுக்கும் சார்ஜ் போடவில்லை.

தண்ணீர் லாரி டிரைவர் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவசரப்பட்டுக் கிளம்பி வராதே, ஊருக்குள் வர ரோடு இல்லை, தண்ணீர் லாரியே ஊர் எல்லையில் நின்றுவிடுகிறது. வேளைக்குச் சாப்பிடு, குழந்தையிடம் தாத்தா நன்றாக இருக்கிறார் என்றே சொல். நீங்கள் மூவரும் குறையில்லாமல் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே, என் போன் அணைந்து கிடக்கிறவரை வெயில் எல்லாம் அப்பாவுக்குத்தான் போகிறது. இங்கே கரண்ட் வரும் முன்னால் என்னிடமிருந்து அழைப்பு வந்தால், உட்கார்ந்துகொண்டு எடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா