ஒன்றரை சென்ரிமீற்றர் துண்டுகள்

4 செப்டெம்பர் 2006, புருசெத்

மின்னஞ்சல் வந்துவிட்டது. கலாநிதிப் பட்டத்துக்காக நான் கொடுக்கவேண்டிய விரிவுரையின் தலைப்பு: இரண்டாம் உலகப் போரில் இரவுச் சண்டை விமானங்களின் ரேடாரைக் குழப்பியது எப்படி? இரண்டு கிழமைதான் அவகாசம். நான் நாலு வருடம் படித்தது மழைமேகத்தைப் பார்க்கும் ரேடார். போருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? தலைப்பைத் தருவது தேர்வுக் குழு; வேண்டுமென்றே செய்கிறது. சறுக்கினால் பட்டம் இல்லை.

7 செப்.

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. குண்டுவீச்சு விமானங்கள் கொட்டியது வெறும் அலுமினியத் தாள் துண்டுகள். ரேடார் அலையின் நீளத்தில் பாதியாக வெட்டினால் ஒவ்வொன்றும் பலமாக எதிரொலிக்கும். துரத்தி வருபவனின் திரை முழுக்கப் பொய் விமானங்கள். மேடையிலேயே செய்து காட்டப்போகிறேன். எங்கள் ஆய்வுகூடச் சிறு ரேடாருக்கு ஒன்றரை சென்ரிமீற்றர்.

10 செப்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். "மேலை பறந்தவை தப்பியிட்டினம். கீழை பங்கருக்கை இருந்த சனம்?" என்றார். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சு நேரம் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இருந்தவர் அவர். கேள்வியையே விரிவுரையின் முடிவாக வைத்துவிட்டேன்.

13 செப்.

இருநூறு துண்டு போதும் என்றேன். அப்பாதான் வெட்டுகிறார்; இந்த நாட்டுக்கு வந்து வடக்கே பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டியவர். ஒன்றுகூட அளவு பிசகவில்லை. ஆனால் அம்மா அவரை நிறுத்த விடுகிறார் இல்லை.

"சபைக்குக் கொண்டுபோறது. காணாமல் குறைஞ்சுபோனால் வெக்கம்."

"அம்மா, இது விருந்துக்குப் பொரிக்கிற ரோல்ஸ் இல்லை."

"எதெண்டாலும் கூடக் கிடக்கட்டும்."

வீட்டிலிருந்த நாலு அலுமினியத் தாள் சுருளும் முடிந்தது.

17 செப்.

நாளை. இருநூறு துண்டையும் மறுபடி எண்ணி உறையில் போட்டேன்.

18 செப்.

எண்பது பேர். பொம்மை விமானத்தைக் கயிற்றில் ஓடவிட்டேன். திரையில் ஒரு புள்ளி. இருநூறு துண்டையும் தூவினேன். புள்ளி அப்படியே இருக்கிறது. சின்ன அறையில் செய்து பழகினனான், இது பெரிய மண்டபம், இருநூறு எந்த மூலைக்கு — ஏன் யோசிக்கேல்லை? மடைச்சி. குழுத் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மூன்றாம் வரிசையில் அம்மா எழும்பினார். "இஞ்சை கிடக்கு, பிள்ளை." மிச்சத் துண்டுகள் நிறைந்த பையோடு மேடைக்கு வந்து, கலியாணத்தில் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடுவதுபோல இரண்டு கையாலும் அள்ளி எறிந்தார். திரை முழுக்க வெள்ளை. விமானத்தைக் காணவில்லை. மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பிறகு அம்மாவின் கேள்வியைச் சொல்லி முடித்தேன். குழுத் தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

பின்னேரம் ஆய்வேட்டு வாதமும் முடிந்தது. நான் கலாநிதி. சந்தோசத்தில் அழுதுவிட்டேன்.

20 செப்.

மண்டபக் காவலாளி கூப்பிட்டார்: மேடை விளக்குகளில் சிக்கிய துண்டுகள் இன்னும் மேலேயிருந்து விழுகின்றனவாம். மூன்று பேரும் தும்புத்தடியோடு கூட்டப் போனோம். வாசலில் குழுத் தலைவர் நின்றார். ஜனவரியில் முதலாம் ஆண்டு மாணவருக்கு இதே விரிவுரையை, சம்பளத்தோடு, கொடுக்க முடியுமா என்று கேட்டார். நான் வாய் திறக்கமுதல் அம்மா என் காதுக்குள் சொன்னார்:

"ஓம் எண்டு சொல்லு. வீட்டிலை இன்னும் ஒரு பை கிடக்கு."